விடுபட்டோர் பிரிவின் சிறந்த உறவினர்

"அன்புள்ள முத்து, நீங்கள் காணாமற்போனதைப் பதிவு செய்தமைக்கு நன்றி. உங்களைக் கண்டுபிடிப்பது எங்கள் கடமை."

துவாரகா போகும் மெட்ரோவில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சு, இந்தக் குறுஞ்செய்தியை இரண்டு தடவை படித்தாள். சிரிப்பு வரவில்லை. கோபம் வரும் என்று இரண்டு ஸ்டேஷன் வரைக்கும் காத்திருந்தாள், அதுவும் வரவில்லை. விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளின் விவரத்தைக் கணினியில் ஏற்றுகிற ஒப்பந்த வேலை அவளுடையது. பெட்டி தொலைந்தவர்கள் மூன்றாம் நாளே மேசையைத் தட்டிக் கத்துவார்கள். மனுஷன் தொலைந்தவர்கள் எத்தனையாவது நாள் கத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

முத்து அவளுடைய தாத்தாவின் அப்பா. கடலூர்ப் பக்கத்து ஆள். 1906-இல் பிறந்தவர், 1934-இல் சென்னைத் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கப்பலில் அடுப்புக்குக் கரியள்ளிப் போடும் ஆளாக ஏறினார். அப்போது அவர் மனைவி தாயம்மாளுக்கு ஆறு மாதம். கப்பல் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. 'ருஷ்யாவில் ஒடெஸா துறைமுகத்தில் இறங்கி ஓடிவிட்டான்' என்று கப்பல் கம்பெனிக்காரன் ஒரு வரி எழுதிக் கொடுத்தான். அவர் கப்பலேறிய மூன்றாம் மாதம் பிறந்த ராஜவேலுக்கு அந்த ஒரு வரிதான் அப்பா.

ஓடிப்போனவன் மகன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான், கல்யாணப் பேச்சிலும் அப்படித்தான். கட்டட வேலைக்கென்று டெல்லிக்கு வந்தபோது கூட வந்த ஊர்க்காரர்கள் சட்டி பானையோடு அந்தப் பேரையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இப்போது தொண்ணூற்றொரு வயதில், தட்சிணபுரியில் ஒன்றரை அறை வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ராஜவேல் ஒரே ஒரு கேள்வியை வைத்திருந்தார்.

"ஓடுனாரா, உட்டுட்டுப் போனாங்களா? அத மட்டும் கேட்டுச் சொல்லு மஞ்சு. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

மஞ்சு அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. கல்லூரியில் யாரும் சேராத ருஷ்ய மொழிச் சான்றிதழ் வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். அது எதற்கு உதவும் என்று எல்லோரும் கேட்டார்கள். இதற்குத்தான் உதவியது. ருஷ்யாவில் யாரோ ஒரு சங்கத்தார், பழைய கட்டாய உழைப்பு முகாம்களில் மாண்டவர்கள் பெயரை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். லட்சக்கணக்கான பெயர்களுக்கு நடுவில் ஒரு வரி: 'முத்து, பி. 1906, சென்னை. கப்பல் கரியள்ளி. பிரிட்டிஷ் உளவாளி. 1938. பத்து ஆண்டுகள்.'

கரண்டி பிடித்துக் கரியள்ளிய மனுஷன் எந்த ரகசியத்தை அள்ளினார் என்று யாருக்குத் தெரியும். அங்குள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதினாள். நான்கே வரியில் பதில் வந்தது. கோப்பு இருக்கிறது. உள்ளே கைதியின் கடிதம் ஒன்று இருக்கிறது, தபாலில் சேர்க்கப்படாதது. உறவினருக்குத் தருவோம். உங்கள் அரசு வழியாகக் கேளுங்கள்.

அரசு வழி என்பது 'அயலகத்தில் விடுபட்டோர் பிரிவு'. அதன் இணையதளத்தில் 'காணாமற்போனவரின் கைபேசி எண்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது. நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. மஞ்சு தன் எண்ணைக் கொடுத்தாள். ஓடிபி வந்தது, போட்டாள். அன்றிலிருந்து அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவள்தான் முத்து.

*

"எங்க சாரு அந்த ஆபீஸ்லதான இருக்காரு!" என்றாள் அம்மா பவுனு. கிட்வாய் நகரில் நான்கு குவார்ட்டர்ஸில் சமைக்கிறாள். அதில் மூன்றாவது வீடு பாலசுப்ரமணியம், விடுபட்டோர் பிரிவின் செக்‌ஷன் ஆபீசர். "சாம்பார்ல பெருங்காயத்தக் கொஞ்சம் தூக்கலாப் போட்டா மனசு எளகிடுவாரு. நான் சொல்லி வைக்கிறேன், நீ போய்ப் பாரு. வாய மட்டும் கொஞ்சம் மூடிக்கினு பேசு."

அலுவலகத்தின் வாசலில் பெரிய எழுத்தில் 'ஒருவரும் விடுபடக் கூடாது' என்று ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. உள்ளே நான்கு கவுன்ட்டர். மூன்று மூடியிருந்தன.

"அச்சா, நம்ம பவுனு பொண்ணா நீ?" பாலசுப்ரமணியம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பி.ஏ.வா? வெரி குட், வெரி குட். எங்க வீட்டுப் பாத்திரம் தேய்ச்சே ஒரு பி.ஏ. உருவாக்கிருக்கா பாரேன் உங்கம்மா. சரி, சொல்லு. காணாமப் போனவருக்கு வயசு?"

"நூத்திப் பத்தொம்பது சார்."

அவர் இமைக்காமல் எழுதிக்கொண்டார். "சீனியர் சிட்டிசன். கவுன்ட்டர் நாலு. நேர்ல வந்தா முன்னுரிமை உண்டு."

"அவரு காணாமப் போயிட்டாரு சார்."

"அதான் சொல்றேன். வந்தா முன்னுரிமை. வரலேன்னா சாதா க்யூ." அடுத்த தாளைத் திருப்பினார். "எஃப்.ஐ.ஆர். காப்பி?"

"தொண்ணூறு வருசத்துக்கு முன்னால சார். ஒடெஸாவுல."

"அப்ப ஒடெஸா போலீஸ் ஸ்டேஷன்லதான் போடணும்."

"அங்க சண்டை நடக்குது சார்."

"சண்டைன்னா ஸ்டேஷன் லீவாம்மா? போலீஸ் ஸ்டேஷன் என்னிக்கும் லீவு கிடையாது." அவருக்கே அவள் மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருந்தது. "சரி, விடு. நம்ம பொண்ணாப் போயிட்ட. 'நிலைமை காரணமாக எஃப்.ஐ.ஆர். பின்னர் இணைக்கப்படும்'னு ஒரு அண்டர்டேக்கிங் எழுதிக்குடு. நான் பாத்துக்கறேன்."

எழுதிக் கொடுத்தாள். காணாமற்போன நேரம் என்ற இடத்தில் 'பகல்' என்று போட்டாள். ராத்திரி என்று போட்டால் ஓடியது போலத் தெரியும்.

நவம்பரில் முத்துவுக்கு மறுபடி செய்தி வந்தது. "அன்புள்ள முத்து, இம்மாத இறுதிக்குள் உயிர்வாழ்வுச் சான்று சமர்ப்பிக்காவிடில் உங்களைத் தேடும் பணி நிறுத்தப்படும்."

மஞ்சு அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓடினாள்.

"இதுல கோவப்பட என்ன இருக்கு?" என்றார் பாலசுப்ரமணியம். "உயிரோட இருக்கறவங்களத் தேடறதுதான் எங்க ஆபீஸ். செத்தவங்களைத் தேடறது வேற டிபார்ட்மென்ட். அவங்க வேலைய நாங்க செஞ்சா ஆடிட்ல கேள்வி வரும். அவர் இருக்காரா, இல்லையா?"

"அதக் கண்டுபுடிக்கத்தான சார் வந்துருக்கேன்."

"கண்டுபிடிச்சுட்டு வந்தா ஈஸியா இருந்திருக்கும்." அவர் யோசித்தார். "ஒண்ணு பண்ணு. நேர்ல வர முடியலேன்னு ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கிண்டு வா."

வீட்டுக்குப் பக்கத்து டிஸ்பென்சரியில் டாக்டர் தலையைத் தூக்காமல் எழுதினார்: 'திரு. முத்து, வயது 119, படுத்த படுக்கையாக உள்ளார். பயணம் செய்ய இயலாது.' மஞ்சு அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள். பொய் என்று ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியவில்லை.

*

ஜனவரியில் விடுபட்டோர் வாரம் வந்தது. வருஷத்துக்கு ஏழு நாள், விடுபட்டோர் பிரிவு விடுபட்டோரை நினைக்கும். விடுபட்டோரின் குடும்பத்தார் வந்து கைதட்ட வேண்டும். ராஜவேல் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு வரும்படி பாலசுப்ரமணியம் பவுனுவிடம் ரசம் ஊற்றும்போது சொல்லி அனுப்பியிருந்தார்.

மஞ்சுவும் பவுனுவும் தாத்தாவை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் பவுனுவின் சால்வை. முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வேண்டும். ஹிந்தியில் ஒருவர் வாசித்தார். மஞ்சு தாத்தாவின் காதில் தமிழில் சொன்னாள்.

"நான், எந்த நாட்டிலும், எந்தச் சூழலிலும், விடுபட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்."

"இத எங்கப்பாகிட்டல்ல சொல்ல வெச்சிருக்கணும்?" என்றார் தாத்தா சத்தமாக. காது மந்தம். நல்லவேளை, சுற்றியிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த பாலசுப்ரமணியம் சமோசா எண்ணிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் ஸ்வப்னா மேடம் பேச எழுந்தார். கல்கத்தாக்காரர், நல்ல குரல், குறிப்புத்தாள் இல்லாமலேயே நாற்பது நிமிஷம் பேசக்கூடியவர்.

"நண்பர்களே, நான் பொறுப்பேற்றபோது இந்தப் பிரிவில் மூவாயிரம் பேர் விடுபட்டிருந்தார்கள். என்ன அவமானம்! இன்று அறுநூறு பேர்தான். மீதிப் பேரை என்ன செய்தோம் என்று பத்திரிகையாளர்கள் கேட்கிறார்கள். நான் பெருமையோடு சொல்கிறேன், மீதிப் பேரை நாங்கள் முடித்துவிட்டோம்!"

கைதட்டல்.

"சிலர் கேட்கிறார்கள், எத்தனை பேரைக் கண்டுபிடித்தீர்கள் என்று. இது பழைய மனநிலை. ஒருவரைக் கண்டுபிடிப்பது தற்செயலாக நடக்கும். ஒரு கோப்பை முடிப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். காணாமல் போனவர் எங்கே இருக்கிறார் என்பது முக்கியமல்ல, அவருடைய கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மனிதர்கள் வருவார்கள், போவார்கள். எங்கள் துறையில், பெரும்பாலும் போவார்கள்."

மறுபடி கைதட்டல். பிறகு விருதுகள். பிரிவிலேயே அதிக காலம் காத்திருப்பவர் என்ற வகையில் 'சிறந்த உறவினர்' சான்றிதழ் ராஜவேலுக்குக் கிடைத்தது. சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி, நாலு சிங்கம் பொறித்து, 'முத்து என்பவரின் மகனாகத் தொண்ணூற்றொரு ஆண்டுகள் இடைவிடாது பணியாற்றியமைக்காக' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தாத்தாவுக்கு மஞ்சு படித்துச் சொன்னாள்.

அவர் ரொம்ப நேரம் அதைத் தடவிப் பார்த்தார். "முத்து மகன்னு போட்டிருக்கா? நல்லாப் பாரு. ஓடிப்போனவன் மகன்னு இல்லையே?"

"இல்ல தாத்தா. முத்து மகன்னுதான் இருக்கு."

வீட்டில் இருந்த ஒரே ஆணியில், காலண்டரை எடுத்துவிட்டு, அதை மாட்டினார்கள்.

*

மார்ச்சில் ருஷ்யாவிலிருந்து கோப்பு வந்தே விட்டது. அங்கிருந்து வர மூன்று வாரம். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு வர ஐந்து வாரம்.

பாலசுப்ரமணியம் அதை மேசை மேல் வைத்து, குழந்தையின் தலையைத் தடவுவது போலத் தடவினார். "பாத்தியா மஞ்சு! எண்பத்தெட்டு வருஷத்துக் கோப்பு. ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர். ஒரு தாள் கிழியலை. நூல் போட்டுத் தைச்சு, முனையில அரக்கு முத்திரை. எங்க ஆபீஸ்ல போன மாசத்து ஃபைல் கிடைக்க மாட்டேங்கறது! என்ன டிசிப்ளின், என்ன டிசிப்ளின்! மனுஷனத் தொலைச்சாலும் ஃபைலத் தொலைக்கலை பாரு."

இணைத்திருந்த ஆங்கிலச் சுருக்கத்தை அவரே வாசித்தார். 1938-இல் கைது. விசாரணை இருபது நிமிஷம். வடக்கே மரம் வெட்டும் முகாம். 1942 பிப்ரவரியில் மரணம், காரணம் இதய பலவீனம். 1957-இல் மறு ஆய்வு, குற்றம் எதுவும் செய்யவில்லை என்று தீர்ப்பு.

"செத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சா சார்?"

"லேட்டுதான். ஆனா டிஸ்போஸ் பண்ணிட்டாங்க பாரு."

அவர் பக்கத்தைத் திருப்பும்போது ஒரு போட்டோ தெரிந்தது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மொட்டைத் தலை. இடது காதின் மேல்முனை மடங்கியிருந்தது. அதே காது, அதே மடிப்பு, தட்சிணபுரியில் ஜன்னலோரக் கட்டிலில் தலையணை மேல் கிடந்தது. மஞ்சு போனை எடுப்பதற்குள் அவர் மூடிவிட்டார்.

"நோ நோ. வெரிஃபிகேஷன் முடியாம காட்டக் கூடாது."

"தாத்தா அவங்கப்பா மூஞ்சியப் பாத்ததே இல்ல சார்."

"இத்தன நாள் பாக்கலை இல்ல? இன்னும் ரெண்டு மாசம்."

கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு பழுப்புத் தாள் குத்தியிருந்தது. பென்சில் எழுத்து. தலைகீழாகத் தெரிந்தபோதே மஞ்சுவுக்கு அது தமிழ் என்று புரிந்துவிட்டது. புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் படித்தவள். கழுத்தைத் திருப்பி இரண்டு சொல் படிப்பதற்குள் அவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்தார்.

"இதுதான் பிரச்சினை. இது என்ன எழுதிருக்குன்னு ஃபைல்ல ஏத்தணும். மொழிபெயர்ப்பு ஆகாத பேப்பர் இருந்தா ஃபைல ரிலீஸ் பண்ண முடியாது. வெளிநாட்டு மொழிப் பிரிவுக்கு அனுப்பினேன், தமிழ் வெளிநாட்டு மொழி இல்லேன்னு திருப்பிட்டான். உள்நாட்டு மொழிப் பிரிவுக்கு அனுப்பினேன், வெளிநாட்டுலேர்ந்து வந்த பேப்பர் எங்களுது இல்லேன்னு அவனும் திருப்பிட்டான்."

"நீங்களே படிக்கலாமே சார்? தமிழ்தான?"

பாலசுப்ரமணியம் முதல்முறையாகக் கண்ணை மேசைக்குத் தாழ்த்தினார். "நான் இங்கயே பொறந்து வளந்தவன்மா. ஸ்கூல்ல ஹிந்தி, சமஸ்கிருதம். பேசுவேன், சண்டை போடுவேன், சினிமாப் பாட்டுப் பாடுவேன். படிக்கத்தான் வராது." உடனே நிமிர்ந்தார். "ஆனா தமிழ்ச் சங்கத்துல உபதலைவர் நான். தெரியுமோ?"

"நான் படிக்கிறேன் சார். ரெண்டு நிமிசம்."

"நீ எப்படிப் படிப்ப? நீ உறவு! விதி பதினொண்ணு, 'மொழிபெயர்ப்பாளர் விடுபட்டவருடன் தொடர்பற்றவராக இருத்தல் வேண்டும்.' உறவுக்காரங்க இல்லாததையெல்லாம் இருக்கற மாதிரி படிப்பாங்க. மனுஷ சுபாவம்."

விளம்பரம் கொடுத்தார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த, ருஷ்ய முகாம் அனுபவத்தோடு ஐந்து ஆண்டுகள் பணியாற்றிய மொழிபெயர்ப்பாளர் தேவை. யாரும் வரவில்லை. மே போனது, ஜூன் போனது. வெயிலில் தாத்தாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பவுனு கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். ஒவ்வொரு நாளும் மஞ்சு செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், கண்ணைத் திறக்காமலே கேட்பார்: "ஓடுனாரா?"

"இன்னும் படிக்கல தாத்தா."

"ஜல்தியாப் படிக்கச் சொல்லு. நான் எத்தினி நாள் சிறந்த உறவினரா இருப்பேன்?"

ஜூலையில் பாலசுப்ரமணியமே கூப்பிட்டார். அன்று காலை பவுனு அவர் வீட்டில் கரண்டியைப் போட்டுவிட்டு, "சார், எங்க மாமனாரு போயிடுவாரு போல" என்று அழுதிருக்கிறாள். அவர் கல் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"யோசிச்சுப் பாத்தேன்மா. தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க கிடைக்கலை. உனக்குத் தெரியும். தினக்கூலி மொழிபெயர்ப்பாளரா உன்னைப் போட்டுடறேன். இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்து. சும்மா ஃபார்மாலிட்டி. இங்க எல்லாரும் போடறதுதான்."

ஒரே வரி. 'கோப்பில் கண்ட முத்து என்பவருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்.'

மஞ்சு பேனாவை வாங்கினாள். ஆதார் கார்டில் இருப்பது போலவே, சுத்தமாக, கையெழுத்துப் போட்டாள்.

போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜன்னல் இல்லாத ஓர் அறை, மூலையில் கேமரா, ஒரு பென்சில், இருபது நிமிஷம். முழுக் கோப்பும் அவள் முன்னால் இருந்தது. எட்டாம் பக்கத்தில் ஓர் அச்சடித்த வினாப்பட்டியல். அவளுடைய ஒரு வருஷத்து ருஷ்யன் அதற்குப் போதுமானதாக இருந்தது. 'உறவினர்கள்?' என்ற கேள்விக்கு எதிரே, யாரோ ஒரு குமாஸ்தாவின் அழகான கையெழுத்தில், 'எவரும் இல்லை.' அதற்குக் கீழே பெரிய பெரிய எழுத்தில், தமிழில், 'முத்து'.

பிறகு கடிதத்தை எடுத்தாள்.

'தாயம்மாளுக்கு முத்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் க்ஷேமம். அவ்விடம் உன் க்ஷேமமும் பிள்ளை க்ஷேமமும் எழுதவும். பிள்ளை ஆணோ பெண்ணோ தெரியவில்லை. இப்போது ஏழு வயது இருக்கும். எனக்கு விஷஜுரம் கண்டு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். கண் விழித்துப் பார்த்தால் கப்பல் இல்லை. நான் ஓடவில்லை. கப்பல்தான் போய்விட்டது. ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள். நீ நம்பாதே. இங்கே எழுதுகிற ஐயா உனக்கு உறவு யார் என்று கேட்டார். உன் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்தவன் என் காலை மிதித்தான். பேர் சொன்னால் அவர்களையும் எழுதிக்கொள்வார்கள் என்று பிறகு சொன்னான். அதனால் யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். பிள்ளைக்கு இதைச் சொல். குளிருக்கு ஒரு கம்பளி இருந்தால் நல்லது. முடிந்தால் அனுப்பவும். முடியாவிட்டால் வேண்டாம்.'

நான்கு தடவை படித்தாள். ஐந்தாவது தடவை தாளைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்தாள். சரியாக வந்தது. அதற்குப் பிறகுதான் ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தாள். மொழிபெயர்ப்புப் படிவத்தில் 'எழுதியவரின் நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது. கடிதத்தில் உள்ள சொற்களை மட்டுமே பயன்படுத்தவும் என்று அடிக்குறிப்பு. மஞ்சு 'நலம்' என்று நிரப்பினாள்.

*

"ஓடுனாரா?"

"இல்ல தாத்தா. உட்டுட்டுப் போயிட்டாங்க. ஜுரத்துல கெடந்தாரு."

கட்டிலில் உட்கார்ந்து முழுக் கடிதத்தையும் சொன்னாள். பவுனு கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். 'பக்கத்தில் இருந்தவன் என் காலை மிதித்தான்' என்ற இடத்தில் போர்வைக்குள் தாத்தாவின் கால் லேசாக இழுத்துக்கொண்டது. முடித்ததும் போர்வையின் ஓரத்தை விரல்களுக்கிடையில் பிடித்துப் பார்த்தார்.

"கம்பளி போச்சா?"

"லெட்டரே வரலையே தாத்தா. எப்படி அனுப்பிருப்பாங்க?"

"ஆமால்ல." கண்ணை மூடினார். "இன்னொரு வாட்டி சொல்லு."

அன்று ஆறு தடவை சொன்னாள்.

பத்து நாள் கழித்து ஸ்வப்னா மேடத்தின் கையெழுத்தோடு ஓர் ஆணை தபாலில் வந்தது. விடுபட்டோர் பிரிவு அவ்வளவு வேகமாக எதையும் செய்து மஞ்சு பார்த்ததில்லை.

'கோப்பு எட்டாம் பக்கத்தில் மேற்படி முத்து தமக்கு உறவினர் எவரும் இல்லை எனத் தம் கைப்பட உறுதியளித்துள்ளார். விண்ணப்பதாரர் மஞ்சுவும் மேற்படியாருக்கும் தமக்கும் எவ்வித உறவும் இல்லை எனத் தம் கைப்பட உறுதியளித்துள்ளார். இரு தரப்பும் முழுமையாக ஒத்துப்போவது இப்பிரிவின் வரலாற்றில் இதுவே முதல்முறை. மேலும், மேற்படியார் தாம் நலமாக உள்ளதாகத் தெரிவித்துள்ளதால் தேடுதல் தேவையற்றதாகிறது. கோப்பு முடிக்கப்படுகிறது. கடிதமும் புகைப்படமும் உரிமை கோருவோர் இன்மையால் பதிவறையில் பாதுகாக்கப்படும். ராஜவேல் என்பவர் மேற்படியாரின் உறவினர் அல்லர் எனத் தெளிவாகிவிட்டதால், அவருக்கு வழங்கப்பட்ட சிறந்த உறவினர் சான்றிதழை ஏழு நாட்களுக்குள் சட்டத்துடன் ஒப்படைக்கவும்.'

மஞ்சு பாலசுப்ரமணியத்துக்குப் போன் செய்தாள்.

"சார், நீங்க ஃபார்மாலிட்டின்னு சொன்னீங்க."

"ஃபார்மாலிட்டிதாம்மா," என்றார் அவர், நிஜமாகவே வருத்தத்தோடு. "எங்ககிட்ட வேற என்ன இருக்கு? அப்பறம், அந்தக் கண்ணாடி உடையாம பாத்துக்கோ. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்திருக்கு. உங்கம்மாட்ட குடுத்தனுப்பினாக் கூடப் போறும்."

தாத்தாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மஞ்சு ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றினாள்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன் தாத்தா. உறவு இல்லன்னு. போடலன்னா படிக்க உட்டிருக்க மாட்டாங்க."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எலும்பும் தோலுமான பிடி, ஆனால் விடவில்லை.

"அவரும் அதத்தான போட்டாரு," என்றார். "நம்ம வூட்டுக் கையெழுத்தே அதான் போல. எடுத்துக்கினு போவச் சொல்லு. காலண்டர மாட்டு."

பவுனு சட்டத்தைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது மஞ்சுவின் போன் கூவியது. அவள் பார்த்துவிட்டுக் கட்டில் மேல் வைத்தாள்.

"யாரு?"

"உங்கப்பாவுக்கு வந்துருக்கு தாத்தா. 'அன்புள்ள முத்து, உங்கள் தேடல் இனிதே நிறைவடைந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது? மிகத் திருப்தி என்றால் ஒன்று, திருப்தி என்றால் இரண்டு'ன்னு கேக்குறாங்க."

ராஜவேல் யோசித்தார். தொண்ணூற்றொரு வருஷமாக அந்தக் குடும்பத்தில் யாரும் வாயால் சொல்லாத ஒன்றை, தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னார்.

"அவரு செத்துட்டாருன்னு சொல்லிடு."

மஞ்சு போனை எடுத்து மேலும் கீழும் தேடினாள். ஒன்று இருந்தது, இரண்டு இருந்தது. அதற்கு ஓர் எண் இல்லை. அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த செய்தி வந்தது.

"அன்புள்ள முத்து, குறித்த நேரத்துக்குள் நீங்கள் பதிலளிக்காததால், உங்கள் பதில் 'மிகத் திருப்தி' எனப் பதிவு செய்யப்பட்டது."